உடல்வாகும் ஓட்டநடையும்

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, துறையூரைக் கடந்து செல்வோர்க்கு வானின் விளிம்பில் நீலம் படர்ந்த மலைத்தொடர் ஒன்று தோன்றும். அணுக அணுக அந்நீலம் பசுமையாக மாறும். அதுவே பச்சைமலை. திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அது பரந்து கிடக்கின்றது. அங்கு வாழும் மலைவாழ் மக்கள் மரவள்ளியும் முந்திரியும் பயிரிடுவர். விறகுக் கட்டையும் கிழங்கு மூட்டையையும் தலையில் சுமந்து, ஏற்றமும் இறக்கமுமான ஒற்றையடிப் பாதையில் அவர்கள் செல்லும் காட்சி காணத்தக்கது. சமவெளியிலிருந்து செல்வோர் பத்து அடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குவர். மலைமக்களோ பேசிக்கொண்டே ஏறிவிடுவர். அவர்களுள் நெட்டையரும் உளர், குட்டையரும் உளர். ஒல்லியரும் உளர், திரண்ட உடலினரும் உளர். உடல்வாகு வேறாயினும் அவர்கள் அனைவரிடமும் ஒன்று பொதுவாக உள்ளது. அதுவே வீண்செலவு இல்லாத நடை.

உடல்வாகு, நடை என்னும் இவ்விரண்டும் மனிதனின் ஓட்டத்தை எவ்வாறு ஆள்கின்றன என்பதை ஆராய்வதற்கு மராத்தான் என்னும் நெடுந்தொலை ஓட்டத்தினும் சிறந்த களம் வேறில்லை. 1896-ஆம் ஆண்டில் ஏதென்சு நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் விழாவில் இவ்வோட்டம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அளவினதாக இருந்தது. 1908-ஆம் ஆண்டு இலண்டன் விழாவில் ஓடிய தொலைவே பின்னர், 1921-இல், நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அது 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் ஆகும். திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் வரை ஓய்வின்றி ஓடுவதற்கு ஒப்பான தொலைவு எனலாம்.

இத்துணைத் தொலைவை ஓடத்தக்கவர் யாவர்? நெடிய கால்களும் மெலிந்த உடலும் உடையவரே என்பது பலரின் கருத்து. "உனக்கு அந்த உடல்வாகு இல்லை" என்னும் ஒரு சொல்லைக் கேட்டு விளையாட்டிடத்தை விட்டு விலகிய மாணவர் எத்தனையோ பேர். அச்சொல் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்பதைத் தெளிதல் நலம்.

உண்மையான பகுதியை முதலில் காண்போம். ஓடுதல் என்பது உடலின் எடையை அடிதோறும் தூக்கி முன்னே வைப்பதாகும். ஒரு கிலோகிராம் எடையை ஒரு கிலோமீட்டர் தொலைவு கொண்டு செல்ல உடலுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி ஆற்றல் செலவாகின்றது. எனவே, 50 கிலோகிராம் எடையுள்ளவர் மராத்தானை ஓடி முடிக்க 2,100 கிலோ கலோரி வேண்டும். 70 கிலோகிராம் எடையுள்ளவர்க்கு 2,950 வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கப்படும் மாவுப்பொருளோ ஏறத்தாழ 2,000 கிலோ கலோரி அளவினதே. அச்சேமிப்பு தீரும்போது, பெரும்பாலும் 30 கிலோமீட்டரைக் கடந்தபின், கால்கள் ஈயம்போல் கனக்கும். ஓட்டக்காரர் இதனைச் 'சுவரில் மோதுதல்' என்பர்.

அடுத்து வெப்பம். ஓடுகின்ற தசைகள் அடுப்பெனச் சூடேறும். அச்சூடு தோலின் வழியாகவே வெளியேற வேண்டும். உடல் பெரிதாகும்போது அதன் பருமன் வளரும் அளவிற்குத் தோலின் பரப்பு வளர்வதில்லை. பெரிய பானையில் வைத்த சோறு நெடுநேரம் சூடாக இருப்பதும், சிறிய கிண்ணத்தில் இட்ட சோறு விரைவில் ஆறுவதும் இதனாலேயே. ஆகவே வெயிலில் ஓடும்போது சிறிய, மெலிந்த உடல் சூட்டை எளிதில் தணித்துக்கொள்ளும். தோலின் இப்பணி தடைப்பட்டால் விளையும் கேடு பெரிது. 1912-ஆம் ஆண்டு சுடாக்குஹோமில் நடந்த மராத்தானில் போர்ச்சுகல் நாட்டின் பிரான்சிசுகோ இலாசரோ என்னும் வீரர் வெப்பத்தால் வீழ்ந்து மறுநாள் உயிர் துறந்தார். வெயிலுக்கு அஞ்சி அவர் தம் உடலில் மெழுகு பூசியிருந்தார் என்பர். வியர்வை வெளிப்படும் வாயிலை அடைத்தமையே அவருக்குக் கூற்றாயிற்று.

மூன்றாவது காலின் அமைப்பு. ஊஞ்சற் கயிற்றின் மேற்பகுதியில் ஒரு கல்லைக் கட்டினால் ஆட்டுவது கடினமன்று. அக்கல்லையே நுனியில் கட்டினால் கை சலிக்கும். காலும் அத்தகையதே. கணுக்காலுக்கு அருகே எடை மிகுந்தால் ஒவ்வோர் அடியிலும் அதனை வீசி எடுக்கும் உழைப்பு மிகும். காலணி ஒவ்வொன்றிலும் 100 கிராம் எடை கூடினால் ஓட்டத்தின் ஆற்றற் செலவு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு உயரும் என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். கென்யா நாட்டின் கலெஞ்சின் மக்கள் நெடுந்தொலை ஓட்டத்தில் சிறந்து விளங்குவதற்குரிய காரணங்களுள் அவர்தம் மெல்லிய கெண்டைக்காலும் ஒன்று என்பர்.

இவையெல்லாம் உண்மையே. ஆயினும், வெற்றிக்கு ஒரே அச்சில் வார்த்த உடல்தான் வேண்டும் என்பது பொய். 2022-ஆம் ஆண்டு பெர்லினில் மராத்தானை 2 மணி 1 நிமிடம் 9 நொடியில் ஓடிய கென்ய வீரர் எலியுட் கிப்சோகே ஏறத்தாழ 167 சென்டிமீட்டர் உயரமே உடையவர். 1960-இலும் 1964-இலும் ஒலிம்பிக் மராத்தானை வென்ற எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா அவரினும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயர்ந்தவர். 1983-ஆம் ஆண்டு உலகப் போட்டியில் மராத்தானை வென்ற ஆசுதிரேலிய வீரர் இராபர்ட் டி காசுடெல்லாவோ திரண்ட தொடைகளை உடையவர். 'மரம்' என்றே அவருக்கு ஒரு பட்டப்பெயர் வழங்கியது. மெல்லிய கொடிகள் நிறைந்த காட்டில் அம்மரமும் முதலிடம் பெற்றதன்றோ? அங்ஙனமாயின் உடல் தரும் குறையை ஈடு செய்வது யாது? அதுவே நடை.

தமிழில் 'நடை' என்னும் சொல்லுக்குக் கால்நடை என்னும் பொருளும் உண்டு. எழுத்துநடை என்னும் பொருளும் உண்டு. வேண்டாத சொல்லை நீக்கி எழுதுவது நல்ல உரைநடை. வேண்டாத அசைவை நீக்கி ஓடுவது நல்ல ஓட்டநடை. மராத்தான் ஓட்டத்தில் ஆற்றல் வீணே ஒழுகும் ஓட்டைகள் மூன்று. அவை மேலெழும்புதல், அகலக் கால் வைத்தல், மேலுடலை இறுக்குதல் என்பன.

மேலெழும்புதலின் கேட்டை ஒரு கணக்கால் உணரலாம். பீகார் மாநிலத்தில் பிறந்து இந்தியப் படையில் பணியாற்றிய சிவநாத் சிங், 1978-ஆம் ஆண்டு சலந்தரில் மராத்தானை 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். அவ்விந்தியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முறியடிக்கப்படாமல் நின்றது. நிமிடத்திற்கு 180 அடி வைத்து அந்நேரம் ஓடினால் மொத்தம் 23,760 அடிகளாகும். அடிதோறும் உடல் ஒரு சென்டிமீட்டர் வீணாக மேலெழுந்தால், முடிவில் 237 மீட்டருக்கு மேல் ஏறிய உழைப்பு வீணாகும். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உயரம் ஏறத்தாழ 83 மீட்டர். எனவே மராத்தானை ஓடிக்கொண்டே மலைக்கோட்டையையும் ஏறத்தாழ மூன்று முறை ஏறியதற்கு அது சமமன்றோ? சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் உரியதன்று, வீண்செலவுக்கும் உரியது.

அகலக் கால் வைத்தல் இரண்டாவது ஓட்டை. விரைந்து செல்லும் ஆசையால் காலை முன்னே நீட்டி ஊன்றுவோர், தம்மை அறியாமலே வண்டிக்குத் தடைபோட்டுக்கொண்டே செலுத்துகின்றனர். பாதம் உடலுக்கு நேர்கீழே, அல்லது அதனை ஒட்டி, ஊன்றுதல் வேண்டும். 1984-ஆம் ஆண்டு இலாசு ஏஞ்சல்சு ஒலிம்பிக் விழாவில் ஓட்டக்காரரின் அடிகளை எண்ணிய சாக் டேனியல்சு என்னும் அமெரிக்கப் பயிற்சியாளர், நெடுந்தொலை வீரருள் ஏறத்தாழ அனைவரும் நிமிடத்திற்கு 180 அடியோ அதற்கு மேலோ வைத்தனர் எனக் கண்டார். 180 என்பது அனைவர்க்கும் விதித்த சட்டமன்று. உயரத்திற்கும் விரைவிற்கும் ஏற்ப அது மாறும். அடி குறுகியும் அடுத்தடுத்தும் விழ வேண்டும் என்பதே அதன் கருத்து. மூன்றாவது, கை முட்டியை இறுக மூடுதலும் தோளைக் காதுவரை உயர்த்துதலும் ஆகும். ஓட்டத்திற்கு உதவாத தசைகளும் அதனால் ஆற்றலை உண்ணும்.

இம்மூன்று பாடங்களையும் மலைப்பாதை ஏட்டின்றிக் கற்பிக்கும். ஏற்றத்தில் அகலக் கால் வைக்க இயலாது. அடி தானே குறுகும். உடலும் இடுப்பில் வளையாது, கணுக்காலிலிருந்து சற்றே முன்சாயும். இறக்கத்தில் குதித்தால் முழங்கால் நோகும்; ஆதலின் முழங்காலை இளக்கிப் பாதத்தை மெல்லப் பதிக்கும் பழக்கம் அமையும். தலையில் சுமை இருந்தால் தலை ஆடாது, தோள் இறுகாது. கென்யாவில் தலைச்சுமை எடுத்துச் செல்லும் பெண்டிரை 1986-ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தோர் வியப்பான உண்மையொன்றைக் கண்டனர். தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமையுடன் நடக்கும்போதும் அவர்களுக்குக் கூடுதல் ஆற்றல் செலவாகவில்லை! பச்சைமலையின் உயரம் ஆயிரம் மீட்டர் அளவினதே. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம்போல் இரத்தத்தின் இயல்பை மாற்றும் உயரம் அதற்கு இல்லை. ஆயினும் நடையைத் திருத்தும் ஆற்றல் அதன் ஏற்ற இறக்கங்களுக்கு உண்டு.

நல்ல நடை என்பது கண்ணுக்கு அழகான நடை என்று எண்ணிவிடலாகாது. செக்கோசுலோவாக்கிய வீரர் எமில் சாட்டோபெக் ஓடும்போது தலை ஒருபுறம் சாயும், முகம் கோணும், காண்போர் அவர் வீழ்ந்துவிடுவாரோ என அஞ்சுவர். அவரே 1952-ஆம் ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மராத்தான் ஆகிய மூன்றையும் வென்றார். மராத்தானை அவர் அதற்குமுன் ஓடியதே இல்லை! இங்கிலாந்து வீராங்கனை பாலா இராட்கிளிப் ஓடும்போது தலையை ஆட்டிக்கொண்டே செல்வார். 2003-ஆம் ஆண்டு இலண்டனில் அவர் ஓடிய 2 மணி 15 நிமிடம் 25 நொடி, 16 ஆண்டுகள் பெண்களுக்கான உலகச் சாதனையாக விளங்கியது. தலை ஆடினும் கால் பிழையாது ஊன்றியமையும், அயராப் பயிற்சியுமே அவர்களைக் காத்தன.

காலணியும் நடைக்கு முதல் அன்று. பிகிலா 1960-இல் உரோம் நகரின் கல் பாவிய தெருக்களில் வெறுங்காலுடன் ஓடி வென்றார்; 1964-இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி வென்றார். சிவநாத் சிங்கும் வெறுங்காலோட்டத்திற்குப் பெயர் பெற்றவரே. ஆயினும் பழக்கமில்லாதவர் திடீரெனக் காலணியைக் கழற்றி ஓடினால் எலும்பும் தசைநாரும் நோவுறும்.

வெற்றிச் செய்தி தொலைவில் மட்டுமா உள்ளது? திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே உள்ள புதுக்கோட்டை மண் நெடுந்தொலை ஓட்டக்காரரை ஈன்ற மண்ணாகும். அம்மண்ணின் சூர்யா 2016-ஆம் ஆண்டு குவாகாட்டியில் நடந்த தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே மண்ணின் இலட்சுமணன் 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் அவ்விரண்டு ஓட்டங்களிலும் தங்கம் பெற்றார். மறு ஆண்டு சகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தும், ஓடுதளத்தின் உட்கோட்டைக் கடந்து கால் வைத்ததாகக் கூறி அவர் நீக்கப்பட்டார்; பதக்கம் கைநழுவியது. ஓர் அடியின் அருமையை இதனினும் தெளிவாக உணர்த்துவது யாது?

மாணவர் ஈண்டு இரண்டு எச்சரிக்கைகளை நெஞ்சில் இருத்துதல் வேண்டும். எடை குறைந்தால் விரைவு மிகும் என்று கருதி உணவைக் குறைத்தல் பெருந்தீங்கு. வளரும் பருவத்தில் பட்டினி கிடந்தால் எலும்பு வலுவிழக்கும், தசை தேயும், ஓட்டமும் நின்றுபோகும். வீரர்களின் மெலிந்த உடல் பயிற்சியின் விளைவேயன்றிப் பட்டினியின் விளைவன்று. முழு மராத்தானும் இளஞ்சிறார்க்கு உரியதன்று. முதிர்ந்த உடலே அதனைத் தாங்கும். இப்பருவத்தில் சிறுதொலைவை நன்னடையுடன் ஓடிப் பழகுதலே போதும். நடையைத் திருத்த விரும்புவோரும் ஒரே நாளில் அனைத்தையும் மாற்றாது, ஒவ்வொரு குறையாகச் சிறிது சிறிதாகக் களைதல் வேண்டும்.

உடல்வாகு பெற்றோர் வைத்துச் சென்ற பொருள் போன்றது. ஒருவர்க்கு அது மிகுதியாக வாய்க்கும். ஒருவர்க்குக் குறைவாக வாய்க்கும். அதனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. நடையோ அப்பொருளைச் செலவிடும் முறை போன்றது. அது அவரவர் கையில் உள்ளது. பெருஞ்செல்வம் பெற்றும் ஊதாரியாய் அழிந்தோர் உண்டு. சிறுபொருள் பெற்றும் சிக்கனத்தால் உயர்ந்தோர் உண்டு. ஆதலின், தம் உடலைப் பிறர் உடலோடு ஒப்பிட்டு வருந்துவதை விட்டு, அதன் இயல்பை அறிந்து, ஓர் அடியும் வீணாகாமல் ஓடக் கற்பவரே இறுதிவரை ஓடி முடிப்பர்.