வளையல் கடன்

செய்யூரிலிருந்து தங்கை மகள் வந்திருந்தாள். பட்டப் படிப்புக்கு ஊடக மேலாண்மை எடுக்கப் போகிறாளாம்.

"1928-இல் ஆனந்த விகடனை வாங்கி வளர்த்தாரே வாசன், அவர் இதை எந்தக் காலேஜில் படித்தார்?" என்று மடக்கினேன்.

"விளம்பரத் தொழிலில் படித்தார், மாமா! எங்கள் ஊர் உப்பளத்தில் உப்பு விளைந்தால் மட்டும் போதுமா? விற்கத் தெரிய வேண்டாமா?"

வாயடைத்துப் போனேன். 1941-இல் 'கல்கி' பிறந்தபோதும் எழுதியவர் கிருஷ்ணமூர்த்தி. நிர்வாகத்தைச் சுமந்தவர் சதாசிவம் அல்லவா?

நானும் ஒரு காலத்தில் பத்திரிகை நடத்தினேன். கதைக்குப் பஞ்சமில்லை, சந்தாக் கணக்கு எழுதத்தான் ஆளில்லை. ஆறே இதழ்கள்! அதில் போனவை இவள் அம்மாவின் வளையல்கள். இன்றுவரை தங்கை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"முதல் வருஷக் காலேஜ் சம்பளத்தை நான் கட்டுகிறேன், அம்மா" என்றேன்.