ஃபார்மேட் அடிக்கும் முன்

விலையில்லா மடிக்கணினியை எங்கே பார்த்தாலும் எனக்குத் திருப்பூர் எம்பிராய்டரி கூடம்தான் ஞாபகம் வரும். தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டம் அது. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. கொங்குப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் லினக்ஸை முதலில் பார்த்தது அதில்தான்.

கூடத்தில் அப்படியொரு மடிக்கணினியிலிருந்துதான் டிசைன் பென் டிரைவில் ஏறி மிஷினுக்குப் போகும், திரும்பி வரும். ஷிப்ட் அவசரத்தில் வெடுக்கென்று உருவிவிடுவார்கள். "ஏனுங்கண்ணா, பழைய டிசைன் தெரியுதுங்க, புதுசு ஏத்துனா ஏற மாட்டேங்குதுங்க. ஃபார்மேட் அடிச்சறலாங்களா?" என்று பையன் வந்து நிற்பான்.

டெர்மினலில் டிமெஸ்ஜி அடித்தால் கடைசி வரிகளில் காரணம் இருக்கும்: முறையாக அன்மவுன்ட் செய்யவில்லை, பிழை கண்டதால் படிக்க மட்டும் விட்டிருக்கிறேன். எல்எஸ்பிஎல்கே அடித்து எஸ்டிபி1 என்ற பெயரை உறுதிசெய்து, அன்மவுன்ட் பண்ணி, எஃப்எஸ்சிகே ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

காப்பி முடிந்ததாகத் திரை சொன்ன பிறகும் டிரைவின் சின்ன விளக்கு துடித்துக்கொண்டே இருக்கும். லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் ராமில் வாங்கிவைத்து, பிறகுதான் மெதுவாக டிரைவில் இறக்கும். அன்மவுன்ட் கொடுத்தால் மிச்சத்தையும் இறக்கிவிட்டுத்தான் விடும்.

பொள்ளாச்சியில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பருக்கு வேறு சங்கடம். அவருடைய 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபேட்; பழைய லினக்ஸில் தனியாக மென்பொருள் போடாமல் மவுன்ட் ஆகாது. 2019இல் வந்த கெர்னல் 5.4 முதல் அந்த ஆதரவு உள்ளேயே வந்துவிட்டது. அவரிடமும் யாரோ ஃபார்மேட் அடிக்கத்தான் சொன்னார்கள். கார்டில் ஒரு முகூர்த்தம் முழுக்க இருந்தது.

விண்டோஸ் 8இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் இப்படித்தான். கணினி முழுசாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். அதில் செருகியிருந்த என்டிஎஃப்எஸ் டிரைவில் லினக்ஸ் எழுத விடாது. விண்டோஸை முழுசாக அணைத்துவிட்டு வந்தால் போதும், பலவந்தம் வேண்டாம்.

அந்தப் பையனுக்குச் சொன்னதையே இன்றும் சொல்கிறேன்: மவுன்ட் ஆக மறுக்கும் டிரைவ் பெரும்பாலும் உள்ளே இருப்பதைக் காப்பாற்றத்தான் மறுக்கிறது. அது எழுதிவைத்த காரணத்தைப் படித்துப் பார் கண்ணு. ஃபார்மேட்டை எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், அடித்த பின் டிசைனைத் திரும்பக் கேட்க முடியாது.