கொல்லிமலையில் கொல்லிப் பண்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வேன் ஏறத் தொடங்கியபோது இருந்த பாட்டும் கைத்தட்டலும் பாதி மலையிலேயே அடங்கிவிட்டன. இசை பயிலும் மாணவர்களுக்குச் செம்மேட்டில் இறங்கி, டீ குடித்து, சங்க காலத்தில் இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி குதிரைமேல் வீற்றிருக்கும் சிலையைப் பார்த்த பிறகுதான் முகம் தெளிந்தது.

அங்கிருந்து பெரியகோவிலூர். அறப்பளீசுவரர் கோயில் தேவார வைப்புத்தலம். சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள இடம். எழுத்தை விரலால் தடவப்போன மாணவியை ஆசிரியர் தடுத்தார்: “தொடாதேம்மா, கண்ணால படி.”

அனுமதி பெற்று மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். மலையின் ஈரக்குளிரில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கியிருந்தது. வாசிக்கும் பையன் வலந்தலையின் விளிம்பைச் சிறு கல்லால் சுற்றிச் சுற்றித் தட்டி ஏற்றினான். ரவையைப் பிசைந்து இடப்பக்கமான தொப்பியில் அப்பினான். பிறகு அப்பரின் ‘கூற்றாயினவாறு’ பதிகம். அதற்குரிய பண் கொல்லி. இன்று நவரோஸ் ராகத்தில் பாடுகிறார்கள்.

பாடி முடித்ததும் ஆசிரியர் புறநானூற்றின் 152-ஆம் பாட்டை எடுத்தார். வன்பரணர் பாடியது. காட்டில் ஒரே அம்பால் யானை முதல் உடும்புவரை வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைப் பாணர் கூட்டம் சந்திக்கிறது. அவன் யாரென்று தெரியாமலே வாத்தியங்களைக் கூட்டுகிறார்கள்: மண் பூசிய முழவு, யாழ், யானைத் துதிக்கை போன்ற தூம்பு, எல்லரி, ஆகுளி, ஒருகண் பதலை. இருபத்தொரு துறையும் பாடி முடித்து ‘கோவே!’ என்று அழைத்ததும் அவன் நாணி நிற்கிறான். அந்த வேட்டுவன்தான் ஓரி. பிறகு இறைச்சியும் மதுவும் தந்து, தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறான்.

“முழவுக்கு அன்று மண், உன் தொப்பிக்கு இன்று ரவை” என்றார் ஆசிரியர். பையன் தன் விரலில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்துச் சிரித்தான். பதலையும் எல்லரியும் எப்படி ஒலித்திருக்கும் என்று ஒருத்தி கேட்டாள். பாட்டில் பெயர் இருக்கிறது, ஒலி இல்லை.

ஆகாய கங்கை அருவிக்காக இங்கே வருகிறவர்கள் ஏராளம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கத் தெம்பிருப்பவர்கள் இறங்கட்டும். இசை படிக்கிறவர்கள் மட்டும், மலையேறுவதற்கு முன்பே அந்தப் புறப்பாட்டை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். இந்த மலைக்கு வந்த இசைக்குழுக்களில் நீங்கள் முதலாவது அல்ல.