தாளம் தவறியவர் யார்?

மேடையேறிப் பேசுகிறோம், ஏடெடுத்து எழுதுகிறோம், சாதியைச் சாடுகிறோம். சாடிவிட்டு வீடு திரும்பும் வேளையில், அந்தச் சாதி நம் நாவின் அடியில் நிம்மதியாகத் துயில்கிறது! இதை எனக்கு உணர்த்தியது பெரிய நூல் எதுவுமன்று. நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் மடியிலிருந்த பிஸ்கட் தகரப் பெட்டி!

வடசென்னையில் எங்கள் தெருவில் ஒரு படிப்பகம் உண்டு. காலையில் நாளிதழ் படிப்போர் வருவர். மாலையில் பூட்டுத் தொங்கும். சென்ற அரையாண்டு விடுமுறையில், மாலைதோறும் அங்கே பிள்ளைகளுக்கு இசை சொல்லித் தருவது என்று முடிவு செய்தேன். பள்ளிப் பிள்ளைகள் வந்தனர். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தம்பி தங்கையரையும் கொண்டுவந்தனர். பெற்றோர் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் அந்தச் சின்னஞ்சிறுசுகளை யாரிடம் விட்டுவருவார்கள்? இரண்டே நாளில் பெரிய பிள்ளைகளில் பலர் பந்தாடப் போய்விட்டனர். எஞ்சியவர் பன்னிரண்டு பேர். பள்ளி வாயிலையே மிதிக்காதவர்கள். மூன்று வயதினர், நான்கு வயதினர்.

ஆர்மோனியத்தைத் திறந்தேன். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பண்டைத் தமிழர் வைத்த ஏழிசைப் பெயர்களையும் விளக்கினேன். மூன்று வயதுக் குழந்தைக்கு! என் கட்டைக் குரலுக்கு ஒத்த சுருதியில் பாடி, திருப்பிப் பாடச் சொன்னேன். ஒன்று அழுதது, ஒன்று உறங்கியது, இரண்டு, வாசலில் நின்ற ஆட்டைப் பார்க்க ஓடின. அந்த வேளையில்தான் அச்சிறுமி தகரப் பெட்டியைத் தட்டினாள். ஓயாமல் தட்டினாள்.

“நிறுத்து! இது என்ன, பறையடிக்கிற இடமா?” என்றேன்.

கை நின்றது. அவளுடைய அக்காள், ஒன்பது வயது இருக்கும், எழுந்து கேட்டாள்:

“எங்க தாத்தா பறை அடிக்கிறவர்னு உங்களுக்கு யார் சார் சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை, தோழர்களே! எனக்குத் தெரியவே தெரியாது. அந்தக் குடும்பத்தைப் பற்றி ஏதும் அறியாமலே என் நா குறி தவறாமல் அடித்துவிட்டது. ஒன்பது வயதுக்குள் அவளும் ஒரு பாடம் கற்றிருக்கிறாள். இகழ்ச்சிச் சொல் எங்கு எழுந்தாலும் அது தன் வீட்டு முகவரிக்கு வந்த கடிதம் என்பதுதான் அந்தப் பாடம்! அதைக் கற்பித்தவர் யார்? நானும் ஒருவன்.

பறை இழிந்த பொருளா? திணைதோறும் உரிய கருப்பொருள்களை எண்ணும் தொல்காப்பியம், பறையையும் யாழையும் ஒரே வரிசையில் எண்ணுகிறது. ஒரே வரிசையில் வைத்தது இலக்கணம். ஒன்றை அவைக்கும் மற்றொன்றைச் சேரிக்கும் அனுப்பியது சாதி. 1940களில் தமிழிசைக் கிளர்ச்சி எழுந்தது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. மேடையில் தமிழ்ப்பாட்டு வேண்டும் என்று முழங்கிய நம்மில், பறைக்கும் அங்கே இடம் கேட்டவர் எத்தனை பேர்? 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நாடு விருது தந்தது. என் நா அதே பெயரை வசவாக வைத்திருந்தது!

அன்றிரவே அந்தச் சிறுமியரின் வீட்டுக்குச் சென்றேன். பெரியவரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“பழகின பேச்சுதானே சார்” என்றார்.

அவர் சினந்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

பேசிக்கொண்டிருக்கையில் அவரே சொன்னார்: “சாவு வீட்டுல நின்னு அடிக்கிறது எங்க தலையெழுத்துன்னாங்க. மாட்டேன்னு இருபது வருஷத்துக்கு முந்தியே குச்சியைக் கீழே வச்சேன். குழந்தைங்களுக்குன்னா எடுக்கறேன்.”

சீர்திருத்தம் பேசும் எனக்கு அதைச் செய்துகாட்டியவர் எதிரே அமர்ந்திருந்தார். பறையில் இழிவில்லை, அடித்தே தீரவேண்டும் என்ற கட்டாயத்தில்தான் இழிவு இருக்கிறது.

மறுநாள் ஆர்மோனியம் மூடிக் கிடந்தது. தகரப் பெட்டிகளும் கொட்டாங்குச்சிகளும் வந்தன. “அரிசி, மிளகு” என்றால் தகிட. “குடுகுடு, சலசல” என்றால் தகதிமி. சொல்லிக்கொண்டே நடந்தோம், குதித்தோம், தட்டினோம். பெரியவர்கள் நடக்கும் வேகத்தில் நான் தாளம் போட்டபோது ஒரு குழந்தையும் ஒட்டவில்லை. அவர்களுடைய ஓட்டத்துக்கு என் தாளத்தை விரைவாக்கியபோது பன்னிரண்டு கைகளும் ஒட்டிக்கொண்டன! குரலிலும் அப்படியே. சிறு குழந்தையின் குரலுக்கு ஐந்தாறு சுரங்களே எட்டும். அவையும் என் சுருதிக்கு மேலே இருந்தன. சுருதியை உயர்த்தினேன், மோகனத்தின் ஐந்து சுரங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாடினர்! ஹங்கேரி நாட்டு இசையறிஞர் கோடாய் (1882–1967), குழந்தைக்கு முதற்பாட்டு அதன் தாய்மொழி நாட்டுப்பாட்டாகவே இருக்கவேண்டும், ஐந்து சுரப் பாட்டே அதற்கு எளிது என்று வற்புறுத்தியவர். தாளம் தவறியவர்கள் குழந்தைகள் என்று எண்ணியிருந்தேன், தவறியவன் நான்.

போகிக்கு முன்பு தெருவில் கொட்டு விற்பனைக்கு வந்தது. மண் வளையத்தில் தோல் போர்த்திய சிறு கொட்டு. பன்னிரண்டு வாங்கினேன். பெரியவர் வந்தார், வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். கைபிடித்து உள்ளே அழைத்து, என் நாற்காலியில் அமர்த்தினேன். காய்ந்த ஓலையைக் கொளுத்திப் பறையை அனலில் காட்டினார், தோல் இறுகியது. ஒரு கையில் அடிக்குச்சி, மறு கையில் சிண்டுக்குச்சி. தொடங்கினார். பன்னிரண்டு கொட்டுகளும் தொடர்ந்தன. தகரப் பெட்டிக்காரி முன்வரிசையில் இருந்தாள். அவளுடைய அக்காள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் ஒரு கொட்டு கேட்டாள்.

இளந்தோழர்களே! அடுத்த விடுமுறையில் உங்கள் தெருப் படிப்பகத்தையும் திறந்து வையுங்கள். பாடத் தெரியாவிட்டாலும் கேடில்லை. சேர்ந்து தட்டத் தெரிந்தால் போதும். அதற்கு முன்பாக ஒன்று செய்யுங்கள். நீங்கள் அன்றாடம் பேசும் வசவுகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவற்றில் எத்தனை, எவருடைய வீட்டு வாசலில் போய் விழுகின்றன என்று எண்ணுங்கள். எண்ணி முடித்த பின்பு குழந்தைகளை அழையுங்கள்.