நகமுராவின் ஒரு நிமிடம்

செவ்வாய்க்கிழமை இரவுகளில் உலகெங்கும் உள்ள பட்டம் பெற்ற சதுரங்க வீரர்கள் பல நூறு பேர் ஒரே நேரத்தில் இணையத்தில் கூடி ஆடுகிறார்கள். 'டைட்டில்ட் டியூஸ்டே' என்பது அந்தப் போட்டியின் பெயர். மொத்தம் பதினொரு சுற்றுகள். ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்தப் போட்டியில் மிகப் பல தடவைகள் முதலிடம் பெற்ற ஒருவருடைய ஆட்டத்தை இரண்டு வருடங்களாக நான் பார்த்து வருகிறேன். அவர் ஹிகாரு நகமுரா.

1987 இல் ஜப்பானின் ஹிரகாட்டா நகரில் பிறந்து, இரண்டு வயதில் அமெரிக்காவுக்குப் போனவர் அவர். அவருக்குச் சதுரங்கம் பயிற்றுவித்தவர் அவருடைய வளர்ப்புத் தந்தை சுனில் வீரமந்திரி. அவர் இலங்கையில் பிறந்தவர், பீடே மாஸ்டர் பட்டம் பெற்றவர், பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்பிப்பதில் பெயர்பெற்றவர். இதை வாசித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. நகமுரா 2003 இல், பதினைந்து வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அமெரிக்காவில் அதுவரை பொபி பிஷர் வைத்திருந்த சாதனையை அது முறியடித்தது. பின்னர் ஐந்து தடவை அமெரிக்க சம்பியன் ஆனார். 2011 இல் நெதர்லாந்தின் விய்க் ஆன் ஸீ போட்டியில் ஆனந்தையும் கார்ல்சனையும் பின்தள்ளி முதலிடம் பெற்றார்.

இத்தனை இருந்தும் இன்று பெரும்பாலானோர் அவரை அறிந்திருப்பது திரையில் ஆடும் ஆட்டத்தால்தான். அந்த ஆட்டத்தின் பலத்தையும் பலவீனத்தையும் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. கிழக்கில் இருக்கும் எங்களைப் போன்ற மாணவிகளுக்குக் கொழும்பில் நடக்கும் ஒரு போட்டிக்குப் போவதென்றால் இரவு பஸ், கூட வர ஒரு பெரியவர், தங்குவதற்கு ஓர் உறவினர் வீடு, இரண்டு நாள் வகுப்பு இழப்பு எல்லாம் வேண்டும். ஊரில் என்னுடன் ஆடக்கூடிய பெண்பிள்ளைகள் நான்கு பேர். எனவே உம்மாவின் போன்தான் எங்கள் மைதானம். அந்த மைதானம் பிள்ளையை வளர்க்கிறதா, கெடுக்கிறதா என்பது எங்கள் வீட்டில் பல மாதங்களாக நடக்கும் பேச்சு. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை என்பதால் அந்தப் பேச்சுக்கு இப்போது ஒரு முடிவும் தேவைப்படுகிறது.

நகமுராவின் முதற்பலம் வேகம். எதிராளி நகர்த்தி முடிப்பதற்குள் அவருடைய பதில் வந்துவிடும். ஒரு நிமிட ஆட்டமொன்றை ஒருநாள் வாப்பாவும் என் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

"இவரு யோசிச்சி ஆடுறாரா மகள், சும்மா கைபோன போக்குல ஆடுறாரா?" என்று கேட்டார்.

"யோசிச்சிட்டுத்தான் ஆடுறாரு வாப்பா. ஆனா யோசிச்சது இன்டைக்கில்ல, இருவது வருஷத்துக்கு முந்தி" என்றேன்.

வாப்பா சிரித்தார். அவருக்கு அது உடனே விளங்கிவிட்டது. எங்களுடையது புடவைக்கடை. வாசலில் ஆள் வந்து நின்றதும் இவருக்கு எத்தனை மீற்றர் துணி போகும் என்று வாப்பா கண்ணளவிலேயே சொல்லிவிடுவார். அது முப்பது வருடம் அளவுகோல் பிடித்த கண். நகமுராவின் வேகமும் அப்படித்தான். சிறுவயது முதல் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆடியும் ஆராய்ந்தும் மனத்தில் பதிந்த அமைப்புகள் அவருக்கு உண்டு. குதிரை இந்தக் கட்டத்தில் நின்றால் இராஜாவுக்கு எந்தப் பக்கம் ஆபத்து, இரண்டு கோட்டைகள் மிஞ்சினால் எந்தச் சிப்பாயைத் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பவை அல்ல, பார்த்ததும் அடையாளம் காண்பவை. ஆகவே வேகத்தைப் பார்த்து வேகத்தை மட்டும் பழகுகிறவர், அளவுகோல் பிடிக்காமலே கண்ணளவு சொல்லப் போகிறவர் ஆவார்.

இரண்டாவது பலம், தோற்கும் நிலையிலும் தளராமை. ஒரு காய் குறைந்துவிட்டால் நம்மில் பலர் மனம் விட்டுவிடுவோம். அவரோ அந்த இடத்தில்தான் எதிராளிக்கு ஆகச் சிக்கலான கேள்வியைக் கேட்பார். அது ஆகச் சிறந்த நகர்வாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பதில் தேட எதிராளிக்குப் பத்து செக்கன் தேவைப்படும், கையில் இருப்பதோ ஆறு செக்கன். இணையத்தில் கடிகாரமும் ஒரு காய் என்பதை அவரைப் போல் அறிந்தவர்கள் மிகச் சிலர். 2018 முதல் 2022 வரை ஐந்து வருடங்கள் தொடர்ந்து 'ஸ்பீட் செஸ் சம்பியன்ஷிப்' பட்டத்தை அவர் வென்றார். ஐந்து நிமிட ஆட்டங்கள், மூன்று நிமிட ஆட்டங்கள், ஒரு நிமிட ஆட்டங்கள் என்று மூன்று பகுதியாக மணிக்கணக்கில் நீளும் போட்டி அது. 2022 இல் இறுதிப் போட்டியில் மெக்னஸ் கார்ல்சனை ஒரே ஒரு புள்ளியால் வென்றார். அடுத்த வருடம் அதே கார்ல்சனிடம் ஒரே ஒரு புள்ளியால் தோற்றார்.

மூன்றாவது, அவருடைய தொடக்கங்கள். உலகம் முழுவதும் மனனம் செய்து வைத்திருக்கும் பாதையை விட்டு விலகி, இராணிப் பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் தள்ளி ஆட்டத்தை ஆரம்பிப்பது இணையத்தில் அவர் அடிக்கடி செய்வது. எதிராளி படித்ததெல்லாம் பயனற்றுப் போக, முதல் நிமிடத்திலேயே இருவரும் சொந்த மூளையால் ஆடவேண்டி வரும். வேக ஆட்டத்தில் இது இலாபம். ஆனால் இதே துணிச்சல் மெதுவான ஆட்டத்தில் நட்டமாகவும் முடியும். 2005 இல் சிகமன் போட்டியில் சென்னையைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் கிருஷ்ணன் சசிகிரணுக்கு எதிராக, இரண்டாவது நகர்விலேயே தன் இராணியை வெளியே கொண்டுவந்தார் நகமுரா. நாலு நகர்வில் செக்மேட் வைக்கப் பார்க்கும் சின்னப் பிள்ளைகள் செய்வதே அது. சசிகிரண் பதறவில்லை. நிதானமாக ஆடி, நீண்ட ஆட்டமொன்றின் முடிவில் வென்றார். யோசிக்க மணிக்கணக்கில் நேரம் இருக்கும் ஓர் ஆளை ஆச்சரியப்படுத்தி மட்டும் வீழ்த்த முடியாது.

இங்கிருந்துதான் பலவீனத்தின் கதை தொடங்குகிறது. இணைய ஆட்டத்தில் 'முன்நகர்வு' என்று ஒரு வசதி இருக்கிறது. எதிராளி என்ன ஆடுவார் என்று ஊகித்து, அவர் ஆடும் முன்பே நமது பதிலைப் போட்டு வைக்கலாம். செஸ் டொட் கொம் தளத்தில் அதற்குச் செலவாவது பத்தில் ஒரு செக்கன். நகமுரா இதில் வல்லவர். ஆனால் ஊகம் பிழைத்தால் இராணியே இலவசமாகப் போய்விடும், அது அவருக்கும் நடக்கிறது. அவரைப் பொறுத்தவரை நூறு ஆட்டத்தில் ஓரிரண்டு இப்படிப் போனாலும் மொத்தக் கணக்கு இலாபம்தான். பழகுகிற பிள்ளைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. எதிராளி என்ன ஆடினார் என்று பார்க்கும் முன்பே கை நகர்ந்துவிடும் பழக்கம், மரப்பலகையின் முன் உட்காரும்போதும் கூடவே வந்துவிடும்.

மெதுவான ஆட்டத்தில் நகமுராவின் குறைகள் அவரை வலிக்கும் இடங்களில் தொட்டிருக்கின்றன. கார்ல்சனை வழமையான நீண்ட ஆட்டத்தில் வெல்ல அவருக்குப் பல வருடங்கள் முடியவில்லை. 2016 இல் ஸ்பெயினின் பில்பாவோவில்தான் முதல் வெற்றி கிடைத்தது. 2022 இல் மட்ரிட்டில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில், கடைசிச் சுற்றைச் சமன் செய்தாலே இரண்டாமிடம் அவருக்கு உறுதி. எதிரில் இருந்தவர் சீனாவின் டிங் லிரென். டிங் அவசரப்படாமல் ஆடி வென்றார், இரண்டாமிடமும் அவருக்கே போனது. பிறகு கார்ல்சன் பட்டத்தைக் காத்து ஆட மறுத்துவிட்டதால், அந்த இரண்டாமிடமே உலக சம்பியன் போட்டிக்கு வழியானது. 2023 இல் டிங் உலக சம்பியன் ஆனார். 2024 இல் ரொறொன்ரோவில் மீண்டும் கேண்டிடேட்ஸ். அங்கே இந்தியாவின் விதித் குஜராத்தியிடம் நகமுரா இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார். கடைசிச் சுற்றில் சென்னையின் பதினேழு வயதுக் குகேஷை வெல்ல வேண்டியிருந்தது, ஆட்டம் சமநிலையில் முடிந்தது. குகேஷுக்கு 9 புள்ளிகள், நகமுராவுக்கு எட்டரை. அரைப் புள்ளி தூரத்தில் அந்த வருடமும் போனது.

இவற்றை மட்டும் எழுதிவிட்டு, "பார்த்தீர்களா, திரை கெடுத்துவிட்டது" என்று முடித்தால் அது நீதியாகாது. இரண்டு வருடங்களுக்கும் மேலாக நீண்ட ஆட்டம் எதுவும் ஆடாமல் இணையத்திலேயே ஆடியும் ஒளிபரப்பியும் வந்த அவர், 2022 பெப்ரவரியில் பேர்லினில் நடந்த கிராண்ட் பிரீ போட்டிக்குத் திரும்பினார். துருப்பிடித்திருப்பார் என்று நினைத்தவர்கள் பலர். அவர் முதலிடம் பெற்றார். மறுவருடம் நோர்வே செஸ் போட்டியையும் வென்றார். திரை அவருடைய கூர்மையைக் காத்தது என்பதற்கு இவை சான்று. ஆனால் திரைக்கு முன்பே அவரிடம் பலகையும் பயிற்றுவித்த ஒரு வளர்ப்புத் தந்தையும் பதினைந்து வருடப் போட்டி அனுபவமும் இருந்தன. அதனால்தான் காக்க ஏதோ ஒன்று இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னால் இருப்பவரை யாரும் காண்பதில்லை. 2023 இன் இறுதியில் நகமுராவின் நீண்ட வெற்றித் தொடர் ஒன்றைக் காட்டி, முன்னாள் உலக சம்பியன் விளாடிமிர் கிராம்னிக் சந்தேகம் எழுப்பினார். தளத்தினர் ஆராய்ந்து, முறைகேடு எதுவும் இல்லை என்று அறிவித்தார்கள். ஆடும்போதே தான் நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஆடுபவருக்கே இப்படியொரு கேள்வி வந்தது என்றால், இணைய ஆட்டத்தில் நாணயம் எவ்வளவு பெரிய சொத்து என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து அறையில் கணினி சொல்லித்தரத் தயாராக இருக்கும்போது அதைத் தொடாமல் தோற்பதும் ஒரு தேர்ச்சிதான்.

எங்கள் வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். இவை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வாப்பாவிடம் காட்டினேன். முழுதும் வாசித்தார். பிறகு, "கலியாணப் புடவைக்கு ஓடர் வந்தா நான் கண்ணளவுல வெட்டுறனா?" என்று கேட்டார். இல்லை. அதற்கு இரண்டு தரம் அளப்பார், அளந்ததை எழுதியும் வைப்பார். "அப்ப ரெண்டும் வேணும். எது எப்பண்டு தெரிஞ்சா போதும்."

உம்மாவின் கவலை வேறு. "சாதாரண தரம் முடிஞ்ச பொறகு பலகையத் தூக்கி அலுமாரிக்கு மேல வெச்சிருவாளோ, இல்ல பொஸ்தகத்த வெச்சிருவாளோ?" என்று நாநாவிடம் கேட்டாராம். எங்கள் பொறுப்பாசிரியை வீட்டுக்கு வந்து பேசினார். ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம், ஆளுக்குப் பதினைந்து நிமிடம். முடிந்ததும் எந்த நகர்வில் எதை நினைத்தேன் என்று கணினியின் உதவியின்றி எழுத வேண்டும். வேக ஆட்டம் வெள்ளிக்கிழமை மட்டும். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் போன் உம்மாவிடம். இப்படி ஓர் ஏற்பாடு. உம்மா இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. முதல் தவணைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அது நியாயமான நிபந்தனை என்றே எனக்கும் படுகிறது. கொப்பியில் இதுவரை நாற்பத்தொரு ஆட்டங்கள் சேர்ந்திருக்கின்றன.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை போனில் செஸ் ஆடுகிறாள் என்றால் எத்தனை மணிநேரம் என்று மட்டும் கேட்காதீர்கள். இன்று ஆடிய ஆட்டத்தைப் பலகையில் வைத்து எனக்குச் சொல்லிக் காட்டு என்று கேளுங்கள். உங்களுக்குச் செஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சொல்ல முடிந்தால் அவள் படிக்கிறாள். சொல்ல முடியாவிட்டால் அன்று அவளுடைய கைதான் ஆடியிருக்கிறது. தோழியரே, நகமுராவின் ஒரு நிமிட ஆட்டங்களைப் பாருங்கள், அவை பார்க்க அழகானவை. பார்த்து முடித்ததும் பலகையை எடுத்து, அவர் ஒரு செக்கனில் ஆடிய நகர்வொன்றை அரைமணி நேரம் வைத்து ஆராயுங்கள். அவருடைய ஒரு நிமிடத்துக்குள் எத்தனை வருடங்கள் இருக்கின்றன என்று அப்போது தெரியும்.