19 வோல்ட், 3.42 ஆம்பியர்

உங்க வீட்டு பீரோ மேல ஒரு பழைய அரசு லேப்டாப் தூசி படிஞ்சு கிடக்குதா? 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிச்ச லட்சக்கணக்கான பேருக்குக் கிடைச்ச மெஷின். நான் பிரைவேட் இங்கிலீஷ் மீடியம், எனக்குக் கிடைக்கல. அந்தப் பொறாமை இன்னும் கொஞ்சம் இருக்கு.

என் ரூம்மேட்டுக்குக் கல்வராயன் மலையில வெள்ளிமலைப் பக்கம். அவனோட அக்கா அந்த லேப்டாப்லதான் குரூப் 4-க்குப் படிச்சிட்டிருந்தாங்க. ஒரு நாள் ஆன் ஆகல. வாரண்டி முடிஞ்சு வருஷக்கணக்காச்சு. பஸ் பிடிச்சு கள்ளக்குறிச்சிக்கு வந்து ஒரு கடையில காட்டினாங்க. "போர்டு போயிருக்கும்மா, புதுசு வாங்கிடுங்க"ன்னு அனுப்பிட்டாங்க. ஒரு மீட்டர் வச்சுக்கூட பார்க்கல. ஒரு நாள் கூலியை விட்டுட்டு மலையிலிருந்து இறங்கி வந்தவங்களுக்கு இவ்வளவுதான் பதிலா?

அடுத்த லீவு முடிஞ்சு வரும்போது அவன் அதை ஹாஸ்டலுக்கே தூக்கிட்டு வந்தான். மல்டிமீட்டரை அடாப்டர் பின்ல வச்சோம். பூஜ்யம். பிளக் கேபிளை மாத்தியும் பூஜ்யம். பக்கத்து ரூம்ல அதே ரேட்டிங், அதே பின் உள்ள அடாப்டர் ஒண்ணு கிடைச்சது. சொருகினதும் லைட் எரிஞ்சது. போர்டுக்கு ஒண்ணுமே ஆகல!

உங்களுக்கும் இப்படி ஆனா, முதல்ல அடாப்டர் அடியில இருக்கிற ஸ்டிக்கரைப் படிங்க. எங்களோடது அவுட்புட் 19 வோல்ட், 3.42 ஆம்பியர். பெருக்கினா 65 வாட். புதுசுலயும் வோல்ட் அதேதான் இருக்கணும். ஆம்பியர் அதே அளவோ, அதுக்கு மேலயோ இருக்கலாம். 90 வாட் போட்டா லேப்டாப் எரிஞ்சிடும்னு சொல்றவங்களை நம்பாதீங்க, அது தனக்கு வேணுங்கிறதைத்தான் இழுக்கும். குறைஞ்சாதான் வம்பு, அடாப்டர் கொதிக்கும். அப்புறம் பின். வெளி விட்டம் ரெண்டுலயும் 5.5 மில்லிமீட்டர்னு ஒரே மாதிரி தெரியும், உள் விட்டம் 1.7, 2.5னு வேற வேற. அதனால பழசைக் கையோட கடைக்குக் கொண்டுபோங்க. நடுவுல பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு ஸ்டிக்கர்லயே படம் இருக்கும், அதுவும் ஒத்துப்போகணும்.

"நாமதான் இ.இ.இ. ஆச்சே, பிரிச்சுப் பார்ப்போம்"னு ஆசை வரும். வேண்டாம். 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யா மாத்தினா உள்ள இருக்கிற கெபாசிட்டர்ல சுமார் 325 வோல்ட் நிக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

கடையில முதல்ல 300 ரூபாய்க்கு ஒண்ணு காட்டினாங்க. கையில எடுத்தா வெறும் டப்பா மாதிரி வெயிட்டே இல்ல. லேப்டாப் அடாப்டருக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம், ஸ்டிக்கர்ல ஆர்-னு தொடங்குற ஒரு நம்பர் இருக்கணும். "அண்ணா, இதுல ஆர் நம்பர் எங்க?"ன்னு கேட்டதும் உள்ள போய் வேற ஒண்ணு எடுத்துட்டு வந்தார். அந்த நம்பரை பி.ஐ.எஸ். கேர் ஆப்ல போட்டுப் பார்த்தோம், கம்பெனி பேர் வந்தது. 750 ரூபாய். மழைன்னா வோல்டேஜ் ஆட்டம் போடுற ஊருக்கு, 450 ரூபாய் கூடக் கொடுத்ததுல எனக்கு வருத்தமே இல்ல.

போன்ல சொன்னதும் அக்கா கேட்ட ஒரே கேள்வி, "என் நோட்ஸ் பி.டி.எஃப். எல்லாம் இருக்காடா?"

எல்லாம் இருந்துச்சு. பழைய அடாப்டரோட பிளக் கேபிள் மட்டும் இன்னும் நல்லாதான் இருக்கு. வேணுங்கிறவங்க ரூமுக்கு வந்து வாங்கிக்கோங்க.