கடனைச் சொன்ன மாப்பிள்ளை

கார்வேட்டிநகரம், செவ்வாய்

எனக்குப் பார்த்திருக்கும் புத்தூர்க்காரர் இன்றும் சொன்ன நேரத்துக்குக் கூப்பிடவில்லை. அம்மாவின் குறை வேறு: அவர் சம்பளம் என்னுடையதைவிடக் குறைவு. போன வாரம் என் ஆபீஸில் நடந்த தகராறு என்ன ஆயிற்று என்று அவராகவே ஞாபகம் வைத்துக் கேட்டார். சம்பளத்தைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வெள்ளி

வேணுகோபால சுவாமி கோயிலில் நல்ல கூட்டம். இந்தச் சுவாமிமேல்தான் எங்கள் ஊர் அரசவைக் கவிஞர் சாரங்கபாணி தெலுங்கில் பதங்கள் பாடினார். அந்தப் பதங்களின் நாயகி மனத்தாங்கலை விழுங்குவதில்லை. வீட்டில் பேசுகிற பேச்சிலேயே நாயகனிடம் நேராகக் கேட்டுவிடுகிறாள். அந்தத் துணிச்சல் எனக்கும் வேண்டும். ஆனால், பதங்களின் நாயகி பலமுறை கோபிப்பது அவன் இன்னொருத்தி வீட்டுக்குப் போய் வந்ததற்காக; கோபித்தும் அவனுக்காகவே காத்திருக்கிறாள். அது என்னால் ஆகாது. தாமதத்தைச் சொல்லித் திருத்தலாம், துரோகத்தோடு குடித்தனம் நடத்த முடியாது.

ஞாயிறு

நாராயணவனத்தில் சந்தித்தோம். 2022இல் மாவட்டம் பிரிந்ததும் அது திருப்பதிக்குப் போய்விட்டது; எங்களுக்கு இன்னமும் பக்கத்து ஊர்தான். கல்யாண வெங்கடேஸ்வரர் கோயில். ஆகாசராஜன் மகள் பத்மாவதியைச் சீனிவாசன் மணந்த ஊர் இது என்பது ஐதீகம். சம்பந்தம் பேச வந்தவள் வகுளமாதா, கல்யாணச் செலவுக்குக் கடன் கொடுத்தவன் குபேரன். உண்டியலில் விழும் பணம் அந்தக் கடனுக்குத்தான் என்று இன்றும் சொல்வார்கள்.

பிரகாரத்தில் உட்கார்ந்ததும் புத்தூர்க்காரர் போனைத் திறந்து, வீடு கட்ட வாங்கிய கடனில் பாக்கி எவ்வளவு என்று காட்டினார். "இதையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க." மறைக்காமல் சொன்னது பிடித்திருந்தது. சம்பளக் கணக்கை அதோடு விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது அவருடைய பெரியம்மா, "பொண்ணுக்கு எத்தனை சவரன் போடுவீங்க?" என்றார். புத்தூர்க்காரர் தலை குனிந்து நின்றார். எனக்குச் சுருக்கென்றது. வரதட்சணை கேட்பதே குற்றம் என்று 1961 சட்டம் சொல்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் என் பதில் முடியாது என்பதுதான். அவரைத் தனியே அழைத்து, "அவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும், நான் இல்ல" என்றேன்.

புதன்

அரை மணி நேரம் தாமதமாகப் போன் வந்தது. பெரியம்மாவிடம் சொல்லிவிட்டாராம், வீட்டில் பெரிய சத்தமாம். "சவரன் பேச்சு இனி எங்க பக்கம் வராது" என்றார். சரி என்றேன். கையோடு, "எட்டு மணின்னா எட்டு மணிக்குக் கூப்பிடுங்க, முடியலன்னா ஒரு மெசேஜ் போடுங்க" என்றும் சொன்னேன். ஆடி கழிந்ததும் அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.